ஆணியில் தொங்கும் சிவப்புத் துணி

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், சோளக்காட்டு நடுவே, எங்கள் புல் ஓடுபாதையில் என் மஞ்சள் விமானம் நிற்கிறது. சக்கரத்தில் சோளத் தோகை சுற்றிக்கிடக்கிறது. சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறுகிறது. சற்றுமுன், இறங்குவதற்காக எங்கள் வழக்கப்படி ஓடுபாதையை இடப்பக்கமாகவே வட்டமிட்டு, கடைசித் திருப்பத்துக்கு முன் இறக்கையைச் சாய்த்துப் பார்த்தேன். வெயிலுக்குள்ளிருந்து, வட்டமே அடிக்காமல், நேரே என்மேல் வந்துகொண்டிருந்தது லேலண்டின் புது வெள்ளை விமானம். சோளத்தை உரசிக்கொண்டு விலகித்தான் பிழைத்தேன். இப்போது அவன் ரேடியோ காதுக்கருவியைக் கழுத்தில் மாட்டியபடி சிரித்துக்கொண்டே வருகிறான். "என்ன வெர்னா, நேரா இறங்குறேன்னு ரேடியோல அத்தனை தடவை கத்துனேனே!" "என் வண்டியில ரேடியோ ஏதுடா? வருஷக்கணக்கா என் பின்சீட்டுல உக்காந்து பறந்தவன்தானே நீ?" "காலம் மாறிப்போச்சு. நீதான் ஒண்ணு வாங்கி மாட்டணும்."

கொட்டகை வாசலில் காபிக் கோப்பைகளோடு நிற்பவர்கள் எல்லாரும் என் கூடப் பறந்தவர்கள். டெல்பர்ட் தொண்டையைச் செருமுகிறான். "அவன் சொன்னது நெசந்தான் வெர்னா. உள்ள இருக்குற ரேடியோல எங்க எல்லாருக்கும் நல்லாவே கேட்டுச்சு." "எல்லாருக்குமா?" டெல்பர்ட் காபிக் கோப்பைக்குள் பார்க்கிறான். ரேடியோ இல்லாதவர் மேலே இருக்கும்போது ஆபத்தென்றால் கீழே இருப்பவர் ஓடிவந்து வீச வேண்டிய சிவப்புத் துணி, அவன் தலைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. போன மாதம் டெல்பர்ட்டுக்காக வீசிவிட்டு, நானே மடித்து மாட்டியது. மடிப்புக்கூடக் கலையவில்லை.