இரண்டாவது ஜோடி

“இப்ப ரெண்டாவது,” என்று போர்வைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் சோபாவின் ஒரு மூலையில் அவள் கணவர், மறு மூலையில் அவள் அண்ணன். ஒலி சரியாக வந்து சேருகிற இடம் நடுவில்தான். அது யாருக்கு என்று முடிவாகாததால் காலியாகக் கிடந்தது.

இந்தப் பக்கம், கொடிக்கயிற்றில் தொங்கிய போர்வையின் மறைவில், இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும் ஒரு ஸ்விட்ச்சும் அவளும்.

ஒரே கடை, ஒரே விலை. கணவருடையதில் கூம்பு காகிதம், மேலே இருக்கிற சின்னக் குமிழ் பட்டுத்துணி. அண்ணனுடையதில் இரண்டுமே அலுமினியத் தகடு.

தகடு காதைக் கிழிக்கிறது என்றார் கணவர். காகிதம் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிறது என்றார் அண்ணன். பேச்சு பாட்டிலிருந்து காதுக்கும், காதிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து பரம்பரைக்கும் போனது. அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போன அண்ணன் ஒரு வருடமாக இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மறைத்து வைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமே என்று இருவரையும் உசுப்பிவிட்டு, அண்ணனை ஸ்பீக்கர்களோடு வரவழைத்தது அவள்தான். மாற்றுகிற வேலையையும் அவளுக்கே கொடுத்தார்கள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக உள்ளே வந்தபோதே அவளுக்குப் புரிந்துபோனது. தோற்றால் அண்ணன் இனி வரவே மாட்டார். ஜெயித்தால் கணவர் வரவிட மாட்டார்.

ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. இவர்கள் காதில் அப்படி என்னதான் விழுகிறது? போர்வையின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

அதே பாட்டு. ஒரு பெண் குரல், கூடவே புல்லாங்குழல்.

அண்ணன் கண்ணை மூடியபடி நடுவை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தார். கணவரும் நகர்ந்தார்.

“இப்பத்தான் குரல் தனியா வெளிய வருது, மாப்பிள்ளை.”

ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் ‘மாப்பிள்ளை’.

“ஆமா மச்சான். குழல் ஊதுறவர் மூச்சுகூடக் கேக்குது. முதல்ல வெச்சதுல இது எங்க இருந்துச்சு?”

பாட்டு முடியும்போது இருவரும் தோளோடு தோள் உரச நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவதுதான் உசத்தி என்று முடிவாகிவிட்டது. அது தன்னுடையதுதான் என்ற பெருமை இரண்டு முகங்களிலும் வழிந்தது. போர்வையை எடு, எது என்று சொல் என்றார்கள்.

அவள் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு தடவை கேட்டுட்டு எப்படிச் சொல்றது? அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாண்ணா. ஸ்பீக்கர் இங்கயே இருக்கட்டும்.”

அதுவும் நியாயம்தான் என்று அண்ணன் தலையாட்டினார். கணவர் காபி போட எழுந்தார்.

அவள் குனிந்து ஸ்விட்ச்சைப் பார்த்தாள். அது ஒன்றிலேயே இருந்தது. இரண்டாவது என்று குரல் கொடுத்தாளே தவிர, அவள் அதைத் திருப்பவே இல்லை.