ஏழாவது மாணவி

“‘இடைநிற்றல் நிகழ்ந்தது’ன்னா? மழை மாதிரி தானா நிகழ்ந்துச்சாக்கும்?”

தட்டச்சுக் கடைக்காரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒன்பது வருஷமாக ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பவள் அவள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவனுக்கு வியர்த்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்களைப் பற்றிய அவன் ஆய்வேடு, ‘தெளிவில்லை, நம்பும்படி இல்லை’ என்று இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. இன்று ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

“மணி மூணு ஆச்சு. உள்ளது உள்ளபடி அடிச்சுக் கொடும்மா.”

“அடிக்கலாம். மூணாவது தடவையும் திரும்பி வரும், பரவாயில்லையா டாக்டரே? முதல் ரெண்டு தடவை வேற கடையில அடிச்சீங்களே, அவன் ஒரு வார்த்தை சொன்னானா?”

அவன் அடுத்த கட்டுத் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினான்.

“முடிவைக் கொண்டுபோய் இருநூறாம் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கீங்க. பஸ் எங்க போகுதுன்னு இறங்கும்போதா சொல்லுவாங்க? முதல் பக்கத்துக்குக் கொண்டு வாங்க. அப்புறம் இது, ‘பெரும்பாலானோர் மீண்டும் படிக்க விரும்புகின்றனர்’. எத்தனை பேர்?”

“பன்னிரண்டு பேர்ல ஒன்பது.”

“அதை எழுதுறதுக்கு என்ன கேடு?”

வெட்டலும் ஒட்டலுமாக ஒரு மணி நேரம் ஓடியது. அரைப் பக்கத்துக்கு நீண்ட வாக்கியங்களை அவள் மூன்றாக நறுக்கினாள். நறுக்க நறுக்க, அவன் ஆய்வு அவனுக்கே புரிய ஆரம்பித்தது.

ஏழாவது மாணவியிடம் வந்ததும் அவள் விரல்கள் நின்றன.

“‘பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலிடம். குடும்பச் சூழல் காரணமாகப் படிப்பு நிறுத்தப்பட்டது.’ யாரு நிறுத்தினா?”

“குடும்பச் சூழல்தான்.”

“சூழல் வந்து புத்தகப் பையைப் பிடுங்குமா? மத்த பதினோரு பேரையும் பேட்டி எடுத்திருக்கீங்க. இவளை?”

“பார்த்தேன். கேட்கத்தான் தைரியம் வரலை.”

“கேட்காமலே தீர்ப்பு எழுதிட்டீங்க. தேர்வாளர் விடலாம். நான் விடமாட்டேன்.”

அவன், “நகரும்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தானே அடித்தான்.

‘வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்றார் அப்பா. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய அண்ணன் முந்திக்கொண்டான். அந்த அண்ணன் நான்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“இப்பத்தான் நம்பும்படி இருக்கு” என்றாள் வெடுக்கென்று.

அவன் பையைத் திறந்து, பன்னிரண்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கான விண்ணப்பத்தை எடுத்து விசைப்பலகைமேல் வைத்தான்.

“எல்லாம் நிரப்பிட்டேன். கையெழுத்து மட்டும் நீதான் போடணும், தங்கச்சி.”