மயிலிறகு ஓடுகிறது

சுகந்தி தன் முதல் நாவலைக் கணவன் பரணியின் கையில் கொடுத்தபோதே சொல்லிவிட்டாள். "படிச்சு முடிங்க. நான் இந்த வீட்ல இருக்கறதா, போறதான்னு அப்புறம் பேசிக்கலாம்."

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்ட பரணி, அடையாளத்துக்கு வைத்த மயிலிறகை மட்டும் தினமும் நாலு பக்கம் நகர்த்திவந்தான். புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்பார்கள். இதுவோ ஓடப் பழகியிருந்தது. காலையில் முப்பதாம் பக்கத்தில் வைத்தால் மாலையில் எழுபதில் கிடந்தது. பின்னால் இழுத்து வைத்தான். மறுநாள் நூறைத் தாண்டியிருந்தது.

"வேகமாத்தான் படிக்கிறீங்க," என்றாள் சுகந்தி, காபியை நீட்டியபடி. "காலேஜ் பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க."

இன்று இறகு கடைசிப் பக்கத்தில் இருந்தது. உள்ளறையில் பெட்டியின் ஜிப் ஏறும் சத்தம். பரணி இறகை உருவி எறிந்துவிட்டு, புத்தகத்தோடு அறை வாசலில் போய் நின்றான்.

"சுகந்தி, நான் இன்னும் முதல் பக்கமே படிக்கல."

ஜிப் பாதியில் நின்றது. "தெரியும். சத்தமாப் படிங்க."

படித்தான். மூச்சு வாங்க அவன் நிறுத்தியபோதெல்லாம், ஜிப் மறுபடி நகர்ந்தது.