இரண்டாவது அழுகை

முகம் மூடி வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்த கணவரின் காலடியில் விழுந்து அவள் கதறினாள். "ஏங்க, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள்.

"கட்!" என்றார் இயக்குநர். "இது சாவு வீடும்மா. உங்க அழுகை விக்கல் மாதிரி வருது. இவரைப் பாருங்க, வேலை போன மனுஷன். ஒரு வாரமா ஆடிஷனுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அசையாம கிடக்கிறார். பிணம்கூட ஒழுங்கா நடிக்குது!"

அவள் என்ன செய்வாள்? இத்தனை வருடமாக மேடையில் வழுக்கி விழுந்தே பிழைத்தவள். தும்மினால்கூடக் கைதட்டுவார்கள். ஒரு தடவையாவது ஜனங்களை அழவைத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். அதுவும், தங்கை வீட்டுக்குப் போவதாகக் கணவரிடம் புளுகிவிட்டு.

"கடைசியா ஒரு தடவை பார்ப்போம். மனசை உறுத்துற விஷயம் ஏதாவது நினைச்சுக்குங்க. முகத்துத் துணியை விலக்கிட்டு அழுங்க."

உறுத்தலுக்கா பஞ்சம்? காலையில் சொன்ன புளுகு போதாதென்று, நேற்றுச் சாயங்காலக் கூத்து வேறு இருந்தது. ஆபீஸிலிருந்து வந்த கணவர் முதுகு வலி என்று முனகினார். தைலம் தேய்த்துக்கொண்டே, "நாற்காலியில உட்கார்ற வேலைக்கு முதுகு வலியா? அங்கே என்ன மூட்டை தூக்குறீங்களா?" என்று கேட்டவள், எழுந்து மூட்டை தூக்குபவன் மாதிரி நடந்தும் காட்டினாள். எப்போதும் முதல் ஆளாகச் சிரிக்கிறவர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் துணியை விலக்கினாள். வசனம் மறந்துபோனது.

அப்புறம்தான் அழுகை வந்தது. சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன, சிரிக்கவா போறேன்?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விளக்குப் பிடித்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"பிரமாதம்மா!" இயக்குநர் துள்ளி எழுந்தார். "அந்த வசனம் நம்ம கதையிலேயே இல்லை. இருந்தாலும் வெச்சுக்கலாம். வேஷம் உங்களுக்குத்தான்!"

"சார், பிணத்துக்கே கண்ணு கலங்கிருச்சு!" என்றார் உதவியாளர்.

அவள் எதையும் காதில் வாங்கவில்லை. குனிந்து, கலங்கிய அந்தக் கண்களை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள்.

"எழுந்திரிங்க... முதுகு வலிக்கப் போகுது."