பதினாலாம் நம்பர் பெஞ்சு

"பெரியவரே, கொஞ்சம் எழுந்திருங்க. பலகையைக் கழட்டணும்."

ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றார் பூங்கா மேற்பார்வையாளர். வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பெரியவர் எழவில்லை. பெஞ்சில் பதித்திருந்த பித்தளைப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்குத் தம்பி கழட்டணும்?"

"பூங்காவைச் சரிபண்ணக் காசு வேணாமா? ஊஞ்சல் அறுந்து கிடக்கு, குழாய்ல தண்ணி இல்ல. டிக்கெட் போட்டா சனம் சண்டைக்கு வருது. வரியைக் கூட்டினா ஓட்டு போயிடும்னு மேலே பயப்படறாங்க. அதான் எல்லாப் பெஞ்சையும் விளம்பரத்துக்கு விட்டாச்சு. மெத்தைக் கம்பெனி எடுத்திருக்கு."

"கக்கூஸையும் விட்டாச்சா?"

"அதுக்குத்தான் முதல் போட்டி! நிதானமா உட்கார்ந்து படிப்பாங்களே."

பெரியவர் சிரிக்கவில்லை. "இது ஒரு பையன் அப்பா நினைவாப் போட்ட பெஞ்சு தம்பி."

"பத்து வருஷத்துக்குத்தான் போட்டார். கெடு முடிஞ்சுபோச்சு. புதுப்பிக்கச் சொல்லி மூணு கடிதம் அனுப்பினோம், ஒண்ணுக்கும் பதில் இல்ல. அப்பா மேல இருந்த பாசமும் கெடு முடிஞ்சுபோச்சு போல."

பெரியவர் முகம் சுண்டிப்போனது.

"பெஞ்சு திறந்த அன்னிக்கு நான் அதோ, அந்தக் கக்கூஸைத்தான் கழுவிட்டிருந்தேன். முப்பது வருஷம் அதுதான் எனக்கு வேலை. பையன் கோட்டு போட்டு வந்தான். பெரிய இடத்துச் சம்பந்தம். சம்பந்தி பேர்ல ஏதாவது செய்யணும்னு மாமனாருக்குத்தான் ஆசை. அவர் தினம் நடக்க வர்ற இடம் இது. 'இப்படிப் பிள்ளையைப் பெத்தவர் கொடுத்துவெச்சவர்'னு பலகையைத் தடவிக் கொடுத்தார். நான் வாளியோட நின்னு கேட்டேன். அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார். இனிமே இந்தப் பலகையை யார் பார்க்கணும், சொல்லுங்க?"

"அதையேதான் நானும் கேக்கறேன்."

"பாப்பா பார்க்குமே தம்பி. அந்தப் பையனோட பொண்ணு. வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டு வருவான். வந்ததும் கைக்குட்டையை நாக்குல நனைச்சுப் பலகையைத் துடைக்கும். போன தடவை நான் எழுந்து இடம் விட்டேன். 'தேங்க்ஸ் தாத்தா'ன்னுச்சு. பலகை போயிட்டா அது எதுக்கு இந்தப் பக்கம் வரப்போகுது?"

"ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு இந்த உருகு உருகறீங்களே!"

சொல்லிவிட்டாரே தவிர, மேற்பார்வையாளருக்கு மனசு கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை உருவினார்.

"ரத்த சொந்தம் யாராவது ஆட்சேபம்னு கையெழுத்துப் போட்டா ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம். அந்த மாதிரி யாரையாவது தெரியுமா?"

பெரியவர் படிவத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "கொடுங்க. நானே சொந்தம்தான்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மேலே இறந்தவர் பேரு, கீழே உங்க பேரு. அடையாள அட்டையும் வேணும்."

பெரியவர் படிவத்தைத் தொடைமேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். 'உறவுமுறை' என்ற இடத்தில் பேனா நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு, அட்டையையும் சேர்த்து நீட்டினார்.

வாங்கிப் படித்த மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க பெரியவரே, இறந்தவர் இடத்துலயும் உங்க பேரையே எழுதிவெச்சிருக்கீங்க? பலகையில இருக்கற பேரை எழுதணும்!"

பெரியவர் முதல்முறையாகப் பலகையை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. பாப்பா வர்ற அன்னிக்கு மட்டும் சொல்லிடாதீங்க."