பேர் சொல்லாதவள்

இப்போதெல்லாம் அஸ்தியைக் கடலில் கரைத்தால் போதும். வருஷம் திரும்பியதும் இரவுப் படகில் போய்க் கூப்பிட்டால், அந்த மனிதர் நீல வெளிச்சமாகத் தண்ணீரில் எழுந்து படகோரம் வந்து நிற்பார். செண்பகவல்லியும் அதற்காகத்தான் பட்டுச்சேலை உடுத்தித் தூத்துக்குடியில் படகேறினாள்.

"ஏங்க, நான் வந்திருக்கேன்," என்றாள்.

கரை தொட்டு அடிவானம் வரை கடல் மொத்தமும் ஒளிர்ந்தது. அவள் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

படகோட்டும் எஸ்தர் சிரித்தாள். "ஏங்கன்னா எல்லா வீட்டுக்காரரும்லா எந்திரிப்பாவ. பேரச் சொல்லுங்கம்மா."

"நாப்பத்தோரு வருஷத்துல ஒருநாள்கூடச் சொன்னதில்லையே."

"இங்க யாரு கேக்கப் போறா? சும்மா சொல்லுங்க."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள், தண்ணீருக்குக் கேட்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அரிகரபுத்திரன்" என்று உரக்கக் கூப்பிட்டாள். ஊரில் அந்தப் பேருக்கு வேறு ஆள் கிடையாது.

கண்ணைத் திறந்தபோது கடல் முழுக்க இருட்டு. தூரத்தில் நின்ற இன்னொரு படகின் ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு வெளிச்சம், விலக மனமில்லாததுபோல் ஒட்டிக்கொண்டு நின்றது.

அங்கிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "எவ அவ, எங்க வீட்டுக்காரரப் பேரச் சொல்லிக் கூப்பிடுதது?"