ஒரு முடி கனம்

சுந்தரபாண்டியன் தோல்பையைத் திறந்து துவாரத்துக்குள் இறக்குகிற வெண்கல வளையம், ஒரு புஷ்ஷை எடுத்து லேத் மேல் வைத்தார். அதில் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தது.

லேத்தை ஓட்டிக்கொண்டிருந்த இருளப்பசாமி சுவிட்சை அணைத்தார்.

அந்தப் புஷ் அவர் கடைசல் பிடித்தது. போன மாதம் கொடுத்த பன்னிரண்டும் ஒரு முடி கனம் கூடுதல் என்று இதே சுந்தரபாண்டியன்தான் சிவப்பு பூசிக் கழித்துவிட்டுப் போனார். மறுபடி டிராயிங்படி சுத்தமாகப் பன்னிரண்டு செய்து கொடுத்துத் தப்பித்தாயிற்று. இன்னொரு சிவப்பு விழுந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் பட்டறைக்கு வரவே வேண்டாம் என்று முதலாளி காசிராஜன் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

உண்மையில் அந்த ஒரு முடி கவனக்குறைவு இல்லை. முப்பது வருஷமாக ராஜபாளையத்து மில்களுக்கு உழைத்த கை அது. மில்லில் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து மெஷின். துவாரம் தேய்ந்திருக்கும். டிராயிங்படி செய்த புஷ் உள்ளே போய் லொடலொடவென்று ஆடும். ஒரு முடி கூட்டி விட்டால் ஃபிட்டர் தட்டி இறக்கிக்கொள்வான்.

ஆனால் இது மில் வேலை இல்லை. எதற்கென்று சுந்தரபாண்டியன் வாயே திறந்ததில்லை. பக்கத்து மம்சாபுரத்துக்காரர்தான் என்றாலும் கடற்படையில் உதிரிபாகம் சோதிக்கிறவர், சொல்லக்கூடாது. ரஷ்யாக்காரனிடம் வாடகைக்கு எடுத்த அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கு என்பது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணாச்சி, பாஸ் பண்ணுன பன்னெண்டும் உள்ள போயி ஆடுது. எங்க ஆபீசர்ட்ட காட்டணும்னு இந்தக் கழிச்ச புஷ்ஷு ஒண்ணு எம்பையில கெடந்துச்சு. வேற வழியில்லாம தட்டிப் பாத்தோம். கச்சிதமா உக்காந்துட்டு. இதே மாதிரி பன்னெண்டு வேணும்."

வாடகைக்கு விடுகிறவன் புது சைக்கிளையா விடுவான்? இருளப்பசாமிக்குச் சிரிப்பு முட்டியது. முதலாளி நிற்கிறாரே என்று அடக்கிக்கொண்டு, அப்படியானால் டிராயிங்கைத் திருத்திவிடலாமே என்றார்.

"அது ரகசிய டிராயிங்கு. திருத்தணும்னா டெல்லியில நாலு பேரு கையெழுத்துப் போடணும். அந்த நாலு பேருக்கும் அதைப் பாக்க அனுமதி கெடையாது."

ஆகவே, நின்றபடியே ஓர் ஏற்பாடு முடிவானது. இருளப்பசாமி ஒரு முடி கூட்டிக் கடைவார். சுந்தரபாண்டியன் அளந்து, டிராயிங்படி இல்லை என்று சிவப்பு பூசுவார். சிவப்பு பூசியது கப்பலுக்குப் போகும். ஏற்கெனவே பாஸான பன்னிரண்டையும் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வார்கள்.

காசிராஜன் பெயிண்ட் வாங்க ஆள் அனுப்பினார். அப்படியே இருளப்பசாமிக்கு ஒரு டீயும் சொன்னார். முப்பது வருஷத்தில் அது முதல் டீ. குடித்துவிட்டு இருளப்பசாமி லேத்துக்குத் திரும்பினார். கை தன்போக்கில் செய்துவந்ததை யோசித்துச் செய்வது லேசில்லை.

சாயங்காலம் சுந்தரபாண்டியன் மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். சிவப்பு. சிவப்பு. பதினொன்று சிவப்பு.

பன்னிரண்டாவதை இரண்டு தடவை அளந்துவிட்டு, பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அது டிராயிங்கில் போட்டிருந்த அளவுக்குத் துல்லியமாக இருந்தது.

காசிராஜன் முகம் கடுத்தது. இருளப்பசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க மொதலாளி. இனிமே இப்பிடி நடக்காது."